படகைத் தவிர மிதப்பவை

நான் எதையும் எடுத்த எடுப்பில் தடை செய்கிறவன் அல்ல, மேடம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ‘துரைராசுகிட்ட போனா கூடாதுன்னுதான் சொல்லுவாரு’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கணக்குப் பார்த்தால் நான் தடுத்ததைவிட அனுமதித்ததுதான் அதிகம். டீ ஆறுகிறது, நீங்கள் குடியுங்கள். எனக்கு அவசரமில்லை.

வெள்ளக்கழியில் எனக்கு வலைக்கடை. வலை, நூல், கயிறு, மிதவை என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியதை விற்கிறேன். மாசி மகத்துக்கு மறுநாள் எங்கள் ஊரில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். என்ஜின் வந்த பிறகு யாரும் தொழிலுக்குப் பாய் கட்டிப் போவதில்லை. அந்த ஒரு நாளுக்காக மட்டும் கட்டுகிறோம். ஆற்று முகத்துவாரத்திலிருந்து கிளம்பி, கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திய மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். முதலில் வருகிறவர்களுக்குக் கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி மருதையன் நெல் மூட்டை தருவார். எங்கள் அம்மனிடம் அவர் குடும்பத்துக்குப் பழைய வேண்டுதல் ஒன்று.

போட்டி என்றால் விதி வேண்டும். விதிக்குழுவில் மூன்று பேர். நான் செயலாளர், படகுகளை அளந்து முத்திரை போடுவதும் நான்தான். இரண்டாமவர் ஜாஃபர் சாதிக். நாகூர்க்காரர், படகு என்ஜின் ரிப்பேர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் ஜாஃபர் பாய். ‘போட்டி நடுவில் பாயை மாற்றக்கூடாது’ என்று நான் எழுதியபோது, “என்னையவா சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்றாமவர் மருதையன். அவருக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் யார் பக்கமும் சாயமாட்டார் என்று சேர்த்துக்கொண்டோம்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் தர்ஷினி, வெளிநாடுகளில் பாய்மரப் பந்தயங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று தேடி அனுப்பினாள். அங்கேயும் எங்களைப் போலத்தான் அடித்துக்கொள்கிறார்கள். புதிதாக ஏதாவது வந்தால், எல்லோராலும் வாங்க முடியுமா, பழைய படகுகள் வீணாகிவிடுமா, ஆபத்து உண்டா என்று பார்ப்பார்களாம். விதி எழுத இரண்டு வழி இருக்கிறது. தடுக்காததெல்லாம் செல்லும் என்பது ஒன்று. எழுதாததெல்லாம் செல்லாது என்பது இன்னொன்று. முதல் வழியில் மூளைக்காரன் ஜெயிப்பான். இரண்டாவது வழியில் கைத்திறன் உள்ளவன் ஜெயிப்பான். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நாகநாதன் முதல் வழிக்காரன். என் மனைவி சௌந்தரநாயகியின் தம்பி. துபாயில் பந்தயப் படகு பழுதுபார்க்கும் யார்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். நாற்பதைத் தாண்டிவிட்டான், ஆனாலும் எங்கள் வீட்டில் அவன் சின்னவன். நல்லவன். எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் கிடையாது. பொங்கலுக்கு அவன் அக்காவுக்குச் சீர் கொண்டுவராத வருடம் இல்லை.

வந்த முதல் வருடமே பாயில் கேசட் நாடாவைத் துண்டு துண்டாக ஒட்டினான். நாடா படபடக்கிற தினுசைப் பார்த்துப் பாய்மீது காற்று எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கலாமாம். அது கருவியா, அலங்காரமா? குழு கூடியது. “நாடா கருவின்னா கோயில் கொடியும் கருவிதான். அதையும் இறக்கச் சொல்வீங்களா?” என்றார் ஜாஃபர் பாய். அலங்காரம் என்று அனுமதித்தோம். அடுத்த வருடம் வளவன் என்ற பெரியவர் தன் பாயில் அம்மன் பாட்டுக் கேசட்டை அறுத்துக் கட்டினார். போட்டி நடக்கையில் வெளியார் உதவி பெறக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அம்மன் வெளியாரா என்று சிக்கலாகிவிட்டது. ஊர் அம்மன் எப்படி வெளியாள் ஆவாள் என்று ஒரு கட்சி. உள்ளூராக இருந்தாலும் படகில் ஏறாதவர் எல்லோரும் வெளியார்தான் என்று நான். கடைசியில், நாடா இருக்கலாம், பாட்டு இருக்கக்கூடாது என்று முடிவானது. ஜாஃபர் பாய் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுவந்து எல்லா நாடாவிலும் தடவினார். பாட்டு அழிந்ததா என்று சோதிக்க ஊரில் டேப் ரெக்கார்டர் இல்லை. நம்பினோம்.

பிறகு காற்று சொல்லும் செல்போன். அதைத் தடுத்தோம். உடனே நாகநாதனின் கூட்டாளிகள் கரையில் நின்று வேட்டியை உதறிக் காற்றுக் குறி காட்டினார்கள். அதனால் போட்டி முடியும்வரை கரையில் யாரும் வேட்டி உதறக்கூடாது என்று விதி வந்தது. அந்த வருடம் போட்டியன்று கடலில் குளித்த ஆண்கள் அத்தனை பேரும் ஈர வேட்டியோடு விறைத்துக்கொண்டு நின்றார்கள். சிரமம்தான். நியாயத்துக்கு ஒரு விலை உண்டு, மேடம்.

வளவனுக்கு இலவச முகாமில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார்கள். தண்ணீர்மேல் காற்று வருகிற கறுப்பு அவருக்கு இப்போது தூரத்திலேயே தெரிந்தது. லென்ஸ் என்பது வெளியிலிருந்து வந்த பொருள், விதியில் எழுதப்படாதது. நான்தான் கேள்வி எழுப்பினேன். முகாம் எல்லோருக்கும் இலவசம், ஆகவே அநீதி இல்லை என்றார் ஜாஃபர் பாய். கண்புரை இல்லாதவர்களுக்கு அது கிடைக்காதே என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். ஏற்றுக்கொண்டேன். போட்டியன்று காலையில் மட்டும் வளவனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஓட்டினால் யாருக்கும் பேச்சு இராது என்று கேட்டுக்கொண்டேன். பெருந்தன்மையான மனிதர், கட்டிக்கொண்டார். கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களில் அவர் படகு மோதியது காற்றால். கண்ணால் அல்ல.

குழு முடிவு ஒன்று, நடைமுறை ஒன்று. இரண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான் செயலாளர் வேலை என்று எனக்கு அப்போது பிடிபட்டது.

அதற்குப் பிந்திய வருடம் நாகநாதன் மீன்பெட்டித் தெர்மோகோலை வெட்டி, படகின் உட்பலகைக்கு அடியில் அடைத்துவிட்டான். படகு இலவம்பஞ்சு மாதிரி போனது. கண்டுபிடித்தவன் நான்தான். அன்றைக்கு ஒரு விதி எழுதினேன். ‘படகைத் தவிர மிதக்கும் பொருள் எதுவும் படகில் இருக்கக்கூடாது.’ நான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்த விதி இதுதான். ஒரு வார்த்தை எடுக்க முடியாது, ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. பிளாஸ்டிக் செருப்பு போனது. காலித் தண்ணீர் பாட்டில் போனது. திருஷ்டிக்காகப் பாய்மரத்தில் கட்டும் எலுமிச்சம்பழம் மிதக்கும், பச்சைமிளகாயும் மிதக்கும். அதற்குப் பதில் படிகாரக் கட்டியைக் கட்டச் சொன்னோம். படிகாரம் மூழ்கும்.

அந்தக் கூட்டத்தில் நாகநாதன் எழுந்து, “மச்சான், மனுசனும் மிதப்பான். அப்ப எங்களையும் கரையில விட்டுட்டுப் படகை மட்டும் அனுப்புவீங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. பல நாள் யோசித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். என் காலத்தில் நான் சுக்கான் பிடித்தவன். துணிப்பாயும் தேங்காய்நார்க் கயிறும் வைத்துக்கொண்டு இந்தப் போட்டியில் யாரும் ஜெயிக்காத அளவுக்கு ஜெயித்திருக்கிறேன். போன வருடத்தோடு நாகநாதன் என்னைச் சமன் செய்துவிட்டான். இந்த வருடமும் ஜெயித்தால் தாண்டிவிடுவான். கோயில் மண்டபத்துச் சுவரில் என் பெயருக்கு மேலே அவன் பெயரை எழுதுவார்கள். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. சுவரில் இடம் நிறைய இருக்கிறது.

இந்த வருடம் தை பிறந்ததும் அதிகாரிகள் வந்தார்கள். உயிர்காக்கும் ஜாக்கெட் போடாமல் யாரும் படகேறக் கூடாது, மீறினால் போட்டிக்கு அனுமதி இல்லை என்றார்கள். சென்னையிலிருந்து ஏதோ ஒரு தர்ம அமைப்பு ஆரஞ்சு நிறத்தில் புது ஜாக்கெட்டுகளை அனுப்பிவைத்தது. மூட்டையாக வந்து என் கடையில் இறங்கியது. ஒன்றை எடுத்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழியில் போட்டுப் பார்த்தேன். மிதந்தது.

ஜாஃபர் பாயின் பட்டறையில் கூட்டம். நாகநாதனும் வந்திருந்தான்.

“இதுல பேசறதுக்கு என்ன இருக்கு மச்சான்?” என்றான். “துபாய்ல இது இல்லாம எவனும் படகுத்துறையிலகூட நிக்கமாட்டான்.”

“படகைத் தவிர மிதக்குற பொருள் கூடாதுன்னு விதி இருக்கு மாப்ள.”

“அது தெர்மோகோலுக்குப் போட்டது.”

“தெர்மோகோல்னு எழுதலையே. மிதக்குற பொருள்னுதான் எழுதியிருக்கு.”

ஜாஃபர் பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “துரைராசு அண்ணே, இது உசுரு சமாச்சாரம். அதுல போயி வார்த்தையப் பாக்கறீங்களே.”

நான் என் வாதத்தைச் சொன்னேன். வெள்ளக்கழியில் நீந்தத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. எல்லோரும் சமமாக நீந்துகிறார்கள். ஜாக்கெட் வந்தால் பயம் போய்விடும். பயம் போனவன் பலத்த காற்றிலும் பாயைச் சுருக்கமாட்டான், அளவுக்கு மீறி வெளியே சாய்வான், வேகமாகப் போவான். அதாவது ஜாக்கெட் என்பது வேகம் கூட்டும் சாதனம். கடலுக்குப் பயப்படுகிற அளவும் ஒரு படகோட்டியின் திறமைதான். அதைத் துணியில் வைத்துத் தைத்து எல்லோருக்கும் விநியோகம் செய்வது போட்டியைக் கொன்றுவிடும். இதில் ஏதாவது தவறு இருந்தால் சொல்லுங்கள், மேடம். அன்றைக்கும் இதைத்தான் கேட்டேன். மருதையன்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்குக் கடலைப் பாத்தாலே வயித்தைக் கலக்கும்ங்க. நான் போட்டுக்கலாம்னுதான் சொல்லுவேன்” என்றார்.

மறுபடி இரண்டுக்கு ஒன்று. தோற்றேன். பெரும்பான்மையை நான் மதிக்கிறவன். ஜாக்கெட் போட வேண்டும் என்று முடிவாகிவிட்டது, போட்டாக வேண்டும். ஆனால் மிதக்கும் பொருள் கூடாது என்ற விதியை யாரும் நீக்கவில்லை. நீக்கச் சொல்லி ஒருவரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. ஆக இரண்டும் உயிரோடு இருந்தன. ஜாக்கெட் இருக்க வேண்டும், அது மிதக்கக்கூடாது. பொறுமையாக உட்கார்ந்து யோசித்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஜாக்கெட்டுகளில் படகு எண் தைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். மத்தியானத்தில் கடைக்கு ஆள் வரத்து இருக்காது. ஒவ்வொன்றாக அடித்தையலைப் பிரித்து உள்ளே இருந்த நுரைப் பலகையை உருவினேன். அதற்குப் பதில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. மணல் வைக்கலாம், ஆனால் அது கொலை. நான் அப்படிப்பட்டவன் அல்ல. உமி தையல் வழியே கொட்டும். தேங்காய்நார் குத்தும், ஆளுக்குச் சந்தேகம் வரும். வைக்கோல்தான் சரியாக வந்தது. நுரையின் எடைக்குப் பக்கத்தில் எடை, நுரையின் பருமனுக்குப் பக்கத்தில் பருமன்.

சம்பா அறுவடை முடிந்த நேரம். மருதையன் வயலில் மெஷின் சுற்றிப்போட்ட வைக்கோல் உருளைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று வேண்டும் என்றேன். “மாட்டுக்குங்களா? ரெண்டா எடுத்துட்டுப் போங்களேன்” என்று அவரே குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டார். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அது அவருக்குத் தெரியாது, பாவம். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

தைத்து முடித்த முதல் ஜாக்கெட்டைக் கழியில் போட்டுச் சோதித்தேன். சோதிக்காமல் எதையும் அனுமதிப்பது என் வழக்கமில்லை. கொஞ்ச நேரம் நன்றாகவே மிதந்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு தண்ணீர் குடித்துக் குடித்து, ஒரு மாடு படுப்பதுபோல மெதுவாக உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஒரு கையால் தூக்க முடியவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. அவசரத்துக்குக் கொஞ்சம் மிதப்பு, அதன்பிறகு மிதப்பு இல்லை. இரண்டு விதிக்கும் நடுவில் இதைவிட நேர்மையாக ஒருவர் நிற்க முடியாது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சௌந்தரநாயகி சாப்பாடு கொண்டுவந்தாள். நுரைப் பலகைகளையும் மிச்ச வைக்கோலையும் பின்கட்டில் மிதவை மூட்டைகளோடு போட்டிருந்தேன், அவள் பார்க்கவில்லை.

“என்னங்க, எல்லாத்தையும் ஒத்தை ஆளா தைக்கிறீங்க?”

“நம்பர்தானே. ஆச்சு.”

அவளும் உட்கார்ந்து எண் தைத்தாள். தம்பியின் ஜாக்கெட் கைக்கு வந்ததும் அதை மட்டும் திருப்பிப் பார்த்து, “இதுல தையல் லேசா இருக்கு, பிரிஞ்சுடும்” என்று சொல்லி, அடிப்பக்கத்தை இரட்டை நூலால் மறுபடி அழுத்தித் தைத்தாள். அவள் தையல் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். நான் ஊசியில் நூல் கோத்துக்கொடுத்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போட்டியன்று காலை முகத்துவாரத்தில் நல்ல கூட்டம். கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்று விடியும்போதே ஏறிவிட்டது. படகுகளை அளந்து முத்திரை போட்ட பிறகு, ஒவ்வொருவரையும் ஜாக்கெட் போட வைத்து, மார்பில் இருக்கும் பட்டைகளை வலைநூலால் சேர்த்துக் கட்டினேன். போட்டி முடியும்வரை யாரும் கழற்றக்கூடாது என்று அதிகாரிகள் நிபந்தனை போட்டிருந்தார்கள். முடிச்சுதான் முத்திரை. நனைந்தால் இறுகும் முடிச்சு. வலைக்கடைக்காரனுக்கு வேறு முடிச்சு வராது.

நாகநாதன் முறை வந்தது. தோளைக் குலுக்கிப் பார்த்தான்.

“என்ன மச்சான், சரசரங்குது?”

“புதுசு மாப்ள. அப்படித்தான் இருக்கும்.”

“துபாய்ல போட்டது இப்படி இல்லையே.”

“இது இந்திய சரக்கு.”

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க இதுக்கு ஒத்துக்கமாட்டீங்கன்னு நினைச்சேன். அக்காகிட்டகூடச் சொன்னேன், மச்சான் இந்தத் தடவை விட்டுக்கொடுத்துட்டாருன்னு” என்றான். நான் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது.

திருப்ப மிதவைக்குப் பக்கத்தில் நடுவர் படகை நங்கூரமிட்டு நிறுத்துவது வழக்கம். அதில் நானும் மருதையனும் இருந்தோம்; ஜாஃபர் பாய் கரையில் இருந்தார். எங்களைக் கொண்டுவந்துவிட்ட பையனை வேறு படகில் கரைக்கு அனுப்பிவிட்டேன். நடுவர் படகில் நடுவர்தான் இருக்க வேண்டும். மருதையன் ஏறிய சிறிது நேரத்திலேயே வாந்தியெடுத்து, படகின் அடியில் சுருண்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதனால் அவர் சாட்சியம் காதால் கேட்டது மட்டும்தான். ஆனாலும் நேர்மையான மனிதர், கேட்டதை அப்படியே சொல்லியிருப்பார்.

நாகநாதன் படகு முன்னால் வந்தது. வளவன் படகு வெகுதூரம் பின்னால். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவன் ஓட்டிய அழகு யாருக்கும் வராது. பாயைச் சுருக்கவே இல்லை. மூன்று பேர் வெளியே சாய்ந்து தொங்க, சுக்கானை அக்குளில் இடுக்கிக்கொண்டு மிதவையை ஒட்டித் திரும்பினான். நான் கூட்டத்தில் சொன்னேனே, ஜாக்கெட் பயத்தைப் போக்கிவிடும் என்று. அது என் கண்முன்னே நிரூபணமாயிற்று. திரும்பும்போது ஒரு காற்று அடித்தது. பாயைத் தாங்கும் பருமல் கட்டை சுழன்று வந்து அவன் தோளில் மோதியது. படகு கவிழ்ந்தது. மற்ற மூவரும் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டார்கள். ஃபைபர் படகு, மூழ்காது. நாகநாதன் மட்டும் எட்டிப் போய் விழுந்தான். நீரோட்டம் அவனை என் பக்கமாகத் தள்ளியது.

ஒரு கையால்தான் நீந்தினான். நடுவர் படகின் விளிம்புக்கு ஒரு துடுப்பு தூரத்தில் வந்துவிட்டான். ஜாக்கெட் அப்போது சாயத் தொடங்கியிருந்தது.

“மச்சான், கையக் குடுங்க.”

போட்டி நடக்கையில் வெளியார் கை பட்டால் அந்தப் படகு விலக்கப்படும். அவன் அணி படகை நிமிர்த்தினால் இன்னும் ஜெயிக்க வாய்ப்பு இருந்தது. அவனுடைய வாய்ப்பை அவன் சம்மதம் இல்லாமல் நான் எப்படிப் பறிப்பது? ஆகவே முறைப்படி கேட்டேன்.

“விலகிக்கிறியா மாப்ள?”

“என்னது?”

“போட்டியிலேருந்து விலகிக்கிறேன்னு சொல்லு. கை குடுக்கறேன்.”

அவன் என்னைப் பார்த்தான். வாய்க்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மார்பில் முடிச்சைப் பிடித்து இழுத்தான். “கனக்குது மச்சான்... இது என்னமோ கனக்குது...” என்றான். அது விலகல் அறிவிப்பு ஆகாது. நான் மறுபடி தெளிவாகக் கேட்டேன். இரண்டு தடவை கேட்டதாக மருதையன் சொல்லியிருந்தால் அது சரி. மூன்றாவது தடவை கேட்க வாய் திறந்தபோது ஆளில்லை.

ஆபத்து என்றால் அசைக்கச் சொல்லி எங்களிடம் சிவப்புத் துணி கொடுத்திருந்தார்கள். அசைத்திருந்தால் கரையோரம் நின்ற காவல் படகு வந்திருக்கும். ஆனால் போட்டி நின்றுபோயிருக்கும். பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? வளவன் திருப்பத்தை முடித்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்தேன். எல்லோரும் திரும்பிய பிறகு துணியை எடுத்து அசைத்தேன். காவல் படகில் கரைக்கு வந்ததும் மைக்கைக் கேட்டு வாங்கி, படகை விட்டு நீங்கியதால் நாகநாதன் அணி தகுதியிழக்கிறது, வளவன் அணிக்கு முதலிடம் என்று அறிவித்தேன். அதன் பிறகு ஆளைத் தேடச் சொன்னேன். முடிவைத் தாமதிக்கக்கூடாது, வதந்தி கிளம்பும்.

மறுநாள் அவனைக் கடல் கொண்டுவந்து போட்டது. அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் நீங்கள் கத்தியால் அறுத்தீர்கள். துணி கிழிந்து உள்ளே இருந்தது மணலில் கொட்டியதை ஊரே பார்த்தது. சௌந்தரநாயகி குனிந்து அந்த ஈர வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அடித்தையலைத் தடவிப் பார்த்தாள். இரட்டை நூல். அது பிரியவே இல்லை. அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. அழவும் இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் விதிகளைப் பற்றி நிதானமாக யோசிக்கமாட்டார்கள். நாள் ஆகும்.

ஆகவே, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நுரையை எடுத்தது நான். வைக்கோல் வைத்தது நான். முடிச்சுப் போட்டது நான். கை நீட்டாதது நான். துணியை அசைக்கத் தாமதித்தது நான். அன்று கடலில் இருந்த அத்தனை படகோட்டிகளும் அதே வைக்கோலைத்தான் போட்டிருந்தார்கள், ஒருவருக்கும் கூட இல்லை, குறைய இல்லை. ஒருவனைக் குறிவைத்துச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இந்தப் போட்டியின் வரலாற்றில் இவ்வளவு சமமாக ஒரு போட்டி நடந்ததில்லை.

இன்னொரு கேள்வி கேட்டீர்கள். கரையில் பிடிபட்ட ஜாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் வைக்கோல் இருக்க, நான் போட்டிருந்த ஒன்றில் மட்டும் நுரை அப்படியே இருந்தது ஏன் என்று.

நான் போட்டியாளன் இல்லை, நடுவர். எனக்கு அந்த விதி பொருந்தாது.

தவிர, அன்றைக்குக் கடல் சரியில்லை, மேடம். விழுந்தால் யாராக இருந்தாலும் கஷ்டம் என்று காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.